மேப்பும் காம்பஸும் திருநெல்வேலிப் பக்கத்திலேயே பழகுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. பாளையங்கோட்டையில் இருக்கும் மூன்று நண்பர்கள் அனுமதி வாங்கி மலை நடைக்குப் போய்வருகிறார்கள். வழி முழுக்கப் போன்தான். போன் அணைந்தால் கதி என்ன என்று யோசித்து மேப்பும் காம்பஸும் கற்க நினைக்கிறார்கள். எந்தக் காம்பஸ் வாங்குவது, மேப் எங்கே கிடைக்கும், எங்கே பழகுவது, வீடியோக்களில் மூச்சுவிடாமல் சொல்லும் ‘டெக்லினேஷன்’ கணக்கு நமக்கும் வேண்டுமா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். மேப்பின் வடக்கும் காம்பஸ் முள் காட்டும் வடக்கும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணம்தான் டெக்லினேஷன், தமிழில் காந்த விலக்கம். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் அது 15 பாகையை ஒட்டி இருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 260 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். அங்கே உள்ளவர்கள் அதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குவதில் நியாயம் இருக்கிறது. திருநெல்வேலியில் அது மேற்கே சுமார் 2 பாகைதான். ஒரு பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர் விலகும், 2 பாகைக்கு 35 மீட்டர். கையில் பிடித்து நடக்கும்போது வரும் ஆட்டமே அதைவிடப் பெரிது. ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் நடைக்கு அதை மறந்துவிடலாம். எங்கே மறக்கக் கூடாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது முள்ளின் சாய்வு. பூமியின் காந்த இழுப்பு துருவப் பக்கம் போகப் போகத் தரைக்குள் சாய்கிறது. ஐரோப்பாவில் ஒரு முள்ளைச் சும்மா தொங்கவிட்டால் அதன் வடமுனை தலைகுப்புறக் கீழே போகும். அதைச் சமன்செய்யத் தென்முனையில் கொஞ்சம் எடை கூட்டி அங்கே விற்கிறார்கள். காந்த நடுக்கோடோ திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஊருக்குப் பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பது அதனால்தான். இங்கே காந்த இழுப்பு ஏறக்குறையப் படுக்கையாக இருக்கிறது. ஐரோப்பாவுக்கென்று செய்த காம்பஸை இங்கே கொண்டுவந்தால் வடமுனையைக் கீழே இழுக்க ஆள் இல்லை. எடை போட்ட தென்முனை தாழ்ந்து கூட்டின் அடியில் உரசும். முள் அசையாமல் நிற்பதைப் பார்த்து வடக்கு கிடைத்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அது ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

நம் மேற்கு மலைக்கும் காந்த முள்ளுக்கும் உறவு பழையது. திருவனந்தபுரம் வானாய்வுக் கூடத்தின் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரௌன் 1850களில் அகத்தியர் மலை உச்சியிலேயே ஒரு கூடம் கட்டிக் காந்த விலக்கத்தை அளக்க ஏற்பாடு செய்தார். அந்த அளவீடுகள் 1874இல் புத்தகமாக வந்தன. மழையிலும் அட்டையிலும் உட்கார்ந்து முள்ளைப் படித்தவர்களை நினைத்தால், வற்றிய குளத்துக்குள் போய்ப் பழகச் சலித்துக்கொள்ளத் தோன்றாது.

வாங்கும்போது காந்த நடுக்கோட்டுப் பகுதிக்குச் சமன்செய்ததா, அல்லது ‘குளோபல் நீடில்’ என்று சொல்கிற, எங்கும் வேலை செய்யும் முள்ளா என்று கேட்டு வாங்குங்கள். வடிவம்: அடியில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு, அதன்மேல் சுழலும் வட்டம், வட்டத்துக்குள் எண்ணெயில் மிதக்கும் முள். வட்டத்தில் 2 பாகைக்கு ஒரு கோடு இருந்தால் போதும். தகட்டின் ஓரத்தில் மில்லிமீட்டர் அளவு கட்டாயம் வேண்டும். உலோக மூடி போட்டு ‘மிலிட்டரி’ என்று விற்கிற மலிவான காம்பஸ் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும், மேப்பின்மேல் வைத்துக் கோணம் எடுக்க உதவாது. தகடு இல்லாத காம்பஸ் உங்களுக்கு வேண்டாம்.

வாங்கியதும் ஒரு சோதனை. மர மேசைமேல் வைத்து முள் நின்றதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சாவியைக் காட்டி முள்ளை இடப்பக்கம் இழுத்து விடுங்கள், பிறகு வலப்பக்கம் இழுத்து விடுங்கள். இரண்டு தடவையும் 2 பாகைக்குள் பழைய இடத்துக்கே வர வேண்டும். வராவிட்டால் முள் உரசுகிறது, அல்லது அதைத் தாங்கும் ஊசிமுனை மழுங்கியிருக்கிறது. அடுத்து, ஒரு அரிவாளை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுவந்து, முள் எந்தத் தூரத்தில் அசைகிறது என்று பாருங்கள். மலையில் முன்னால் போகிறவர் கையில் அது இருக்கும், அதைப் பார்த்துத் திருநெல்வேலிக்காரர்கள் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை, ஆனால் காம்பஸ் ஆச்சரியப்படும். போன், பவர் பேங்க், இயர்போன் டப்பா, காந்தப் பூட்டுப் போட்ட பை ஆகியவை அதைவிட மோசம். காம்பஸைப் போனோடு ஒரே பையில் வைத்தால் முள்ளின் காந்தமே தலைகீழாக மாறி, சிவப்பு முனை தெற்கைக் காட்டத் தொடங்கலாம். இது அபூர்வமான கதை இல்லை. ஒவ்வொரு நடைக்கும் முன்னால், காலையில் சூரியன் இருக்கும் பக்கத்தை வைத்துச் சிவப்பு முனை வடக்கேதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சூரியன் என்றதும் இன்னொரு எச்சரிக்கை. ‘உச்சி வேளையில் சூரியன் தெற்கே இருக்கும்’, ‘கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்கு நேரே வை’ என்பவையெல்லாம் வடக்கே வெகுதூரத்தில் இருப்பவர்களுக்கான வித்தை. நாம் இருப்பது சுமார் 8 பாகை 43 கலை அட்சத்தில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட நான்கரை மாதமும் உச்சி வேளையில் அது நமக்கு வடக்கே இருக்கும். குற்றாலச் சீசனில் கடிகார வித்தையை நம்பினால் கணக்கு நேர் எதிராகக்கூடப் போகும். துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 9 பாகை உயரத்தில்தான் இருக்கிறது, ஒரு பனை வரிசை போதும் அதை மறைக்க.

இனி மேப். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவைத் தாள்தான் நமக்கு ஆதாரம். அந்தத் துறையின் இணையதளத்தில் பதிவுசெய்து பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பழைய எண்முறையில் திருநெல்வேலிச் சீமை ‘58 எச்’ தொகுதியில் வரும். அதில் குற்றாலம் 5ஆம் தாள், அகத்தியர் மலை 2, பாபநாசம் 6, களக்காடு 10. புதிய தாள்களுக்கு எண் வேறு, ஆனாலும் பழைய எண்ணைச் சொன்னால் மேப் தெரிந்தவர்களுக்குப் புரியும். பழைய தாளும் புதிய தாளும் ஒரே அளவீட்டு அடிப்படையில் வரைந்தவை அல்ல. பழைய தாள் எவரெஸ்ட் என்ற அடிப்படையில் நிற்கிறது, புதியது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84இல். பழைய தாளில் படித்த அட்ச தீர்க்கத்தை அப்படியே போனில் தட்டினால் நம் பக்கத்தில் 200 மீட்டரை ஒட்டித் தள்ளிக் காட்டும். மேப்பையும் போனையும் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் புதிய தாளையே எடுங்கள்.

அச்சிடும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஜெராக்ஸ் கடையில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற அமைப்பில் விட்டுவிடுவார்கள், அளவை கெட்டுவிடும். நூறு சதவீதத்தில் அச்சிடச் சொல்லி, தாளிலுள்ள அளவுகோலில் 1 கிலோமீட்டர் சரியாக 2 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அங்கேயே வைத்து அளந்து பாருங்கள். ஏ3 தாளில் ஏறக்குறைய 15 கிலோமீட்டருக்கு 21 கிலோமீட்டர் பரப்பு வரும், ஒரு நாள் நடைக்குத் தாராளம். லேசர் அச்சாக இருக்கட்டும், இங்க்ஜெட் அச்சு முதல் சாரலிலேயே கரைந்துவிடும். தாளின் ஓரத்து அட்ச தீர்க்கக் குறிகளைப் பிடித்து, வடக்கு தெற்காக 2 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பென்சிலால் இழுத்துக்கொள்ளுங்கள். காம்பஸை வைக்கும்போது அந்தக் கோடுகள்தான் கை கொடுக்கும்.

தாளைப் படிக்கத் தொடங்குவது மலையிலிருந்து அல்ல, உங்கள் ஊர்க் குளத்திலிருந்து. நம் சமவெளியில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து 20 மீட்டருக்கு ஒன்றாக வரும் சமஉயரக் கோடுகள் வெகு தூரத்துக்கு ஒன்றுதான் தென்படும், சரிவைக் கோடு சொல்லாது, குளம் சொல்லும். மேற்கே மலை, கிழக்கே கடல், நிலம் கிழக்கே சாய்கிறது. மேற்கு என்ற சொல்லில் மேலும் கிழக்கு என்ற சொல்லில் கீழும் இருப்பது சும்மா இல்லை. அதனால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான், பிறை வடிவில், கொம்பு இரண்டும் மேற்கே பார்த்தபடி. நாலு குளத்தின் கரையைப் பார்த்தால் அந்தத் தாளில் தண்ணீர் எங்கே ஓடும் என்று தெரிந்துவிடும். கரையோரத்தில் ‘3 ஆர்’ என்பது போல ஆங்கில எழுத்தோடு ஓர் எண் இருந்தால், கரை பக்கத்துத் தரையைவிட 3 மீட்டர் உயரம் என்று பொருள். நீலம் தண்ணீர், கறுப்புக் கோடாக ஓடுவது மழை பெய்தால் மட்டும் தண்ணீர் வரும் ஓடை, மஞ்சள் பயிர் நிலம், பச்சை மரம், பழுப்பு சமஉயரக் கோடு, சிவப்பு சாலையும் குடியிருப்பும். முக்கோணமும் பக்கத்தில் எண்ணும் இருந்தால் அளந்து நிறுவிய உயரம். தாளின் ஓரத்தில் அளவீடு எந்த ஆண்டு என்று இருக்கும், அதை முதலில் படியுங்கள். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் நிற்கும் காற்றாலைக் காட்டைத் தாளில் தேடிப் பயனில்லை. தாளில் இருந்தாலும் ஒன்றைப்போல ஒன்று இருப்பதை அடையாளமாக வைக்கக் கூடாது.

சமஉயரக் கோடு படிக்க ஒரு பொத்தை, அதாவது சிறு பாறைக்குன்று, போதும். அதன் அடிவாரத்தில், தாளின் வடக்கு தரையின் வடக்கைப் பார்க்கும்படி திருப்பி வைத்து உட்காருங்கள். கோடுகள் நெருங்கிய பக்கம் பாறை செங்குத்தாக இருக்கும், விலகிய பக்கம் ஆடு மேய்கிற சரிவு. கோடு உச்சியைப் பார்த்து வி போல உள்ளே குழிந்தால் அது ஓடை, வெளியே துருத்தினால் கிளைமுகடு. ஐந்து கோட்டுக்கு ஒன்று தடிமனாக இருக்கும், அது 100 மீட்டர். தாளில் அந்த 100 மீட்டர் ஏற்றம் 1 சென்டிமீட்டரில் வந்தால் 11 பாகைச் சரிவு, பேசிக்கொண்டே ஏறலாம். 4 மில்லிமீட்டரில் வந்தால் 27 பாகை, மூச்சு வாங்கும். 2 மில்லிமீட்டரில் வந்தால் 45 பாகை, கையையும் ஊன்ற வேண்டியிருக்கும், அந்த வழியை விட்டுவிடுங்கள். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் என்பதால் இரண்டு கோட்டுக்கு நடுவே 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று ஒளிந்துகொள்ளலாம், தாள் அதைச் சொல்லாது. மலையில் ஆளைக் கொல்லக்கூடியது இந்த ஒளிந்த பாறை.

காம்பஸில் கோணம் எடுப்பது மூன்று அசைவுதான், ஆனால் மூன்றிலும் தவறு செய்யலாம். ஓர் உதாரணத்தோடு போவோம். குளம் நிரம்பினால் உபரி நீர் வழியும் மறுகாலில் நிற்கிறீர்கள், மேற்கு வடமேற்கே ஒரு பொத்தைக்குப் போக வேண்டும். தகட்டின் நீள ஓரத்தை மறுகாலையும் பொத்தையையும் தொடும்படி தாளில் வையுங்கள், தகட்டின் நுனியில் உள்ள பயண அம்பு பொத்தைப் பக்கம் பார்க்க வேண்டும். இப்போது முள்ளைப் பார்க்கவே கூடாது. வட்டத்தைத் திருகி, அதன் அடியில் உள்ள இணைகோடுகள் நீங்கள் இழுத்த பென்சில் கோடுகளோடு ஒத்துப்போகச் செய்யுங்கள், வட்டத்தின் வடக்குக் குறி தாளின் வடக்கே இருக்கட்டும். பயண அம்புக்கு நேரே 290 என்று வரும், அதுதான் திசைக்கோணம், வடக்கை 0 என்று வைத்து வலச்சுற்றாக எண்ணுவது. காம்பஸைத் தாளிலிருந்து எடுத்து, நெஞ்சுக்கு நேரே மட்டமாகப் பிடித்து, வட்டத்தைத் தொடாமல் உடம்போடு திரும்புங்கள். சிவப்பு முனை வட்டத்தின் அடியில் வரைந்த அம்புக்குள் வந்து உட்கார்ந்ததும் நில்லுங்கள். பயண அம்பு காட்டுவது உங்கள் வழி.

தவறு மூன்று விதம். பயண அம்பைத் திருப்பி வைப்பது ஒன்று, வட்டத்தின் வடக்கைத் தாளின் தெற்கே வைப்பது இன்னொன்று. இரண்டிலும் சரியாக 180 பாகை பிசகி, நேர் எதிர்த்திசையில் நம்பிக்கையோடு நடப்போம். தப்பிக்க வழி, காம்பஸைத் தொடும் முன்பே ‘மேற்கும் கொஞ்சம் வடக்கும், 270க்கும் 315க்கும் நடுவில் வரும்’ என்று வாயால் சொல்லிக்கொள்வது. 110 வந்தால் உடனே உறைக்கும். வீட்டுக்குள்ளேயே ‘கிழக்கே தள்ளி உட்காரு’ என்று பேசிப் பழகியவர்களுக்கு இது சிரமமே இல்லை. மூன்றாவது தவறு, காம்பஸைச் சாய்த்துப் பிடிப்பது. முள் உரசுவதை மேலே சொல்லிவிட்டேன்.

நடக்கும்போது முள்ளைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் வட்டமடிப்பார்கள். அம்புக்கு நேரே, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் அசையாத ஒன்றைப் பிடியுங்கள்: ஒரு பனை, ஒரு கல். பனங்காட்டில் பனையைப் பிடித்தால் நாலு அடியில் எந்தப் பனை என்று மறந்துபோகும், மட்டை முறிந்தது, தலை சாய்ந்தது, சட்டி கட்டியது என்று ஏதாவது வித்தியாசம் உள்ளதாகப் பாருங்கள். காம்பஸைத் தாழ்த்திவிட்டு அதை நோக்கிப் போய், அங்கே நின்று அடுத்ததைப் பிடியுங்கள். உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழேயும் இரும்பு வேலி ஓரத்திலும் கோணம் எடுக்காமல் நன்றாகத் தள்ளிப் போய் எடுங்கள்.

திசை பாதிதான், மறுபாதி தூரம். கால்வாய்க் கரை போல நேரான இடத்தில் நாடா வைத்து 100 மீட்டர் குறித்து, இடது கால் ஊன்றுவதை மட்டும் எண்ணியபடி நாலு தடவை நடந்து சராசரி எடுங்கள். பெரும்பாலோருக்கு 60 முதல் 70 வரும். ஏற்றத்திலும் முள்காட்டிலும் அதே நூறு மீட்டருக்கு 80, 90 என்று ஏறும், அதையும் தனியாக அளந்து காம்பஸின் பின்புறம் ஒட்டிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை நினைவில் நிற்காது. ஒரு பையில் பத்துப் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு, 100 மீட்டருக்கு ஒன்று அடுத்த பைக்கு மாற்றுங்கள். பேசிக்கொண்டே போனாலும் கொட்டை பொய் சொல்லாது.

பழகுமிடம் கோடையில் வற்றிய குளம். நடுவில் ஒரு கல்லை வைத்துவிட்டு, 40 பாகையில் 100 மீட்டர், அங்கிருந்து 160 பாகையில் 100 மீட்டர், அங்கிருந்து 280 பாகையில் 100 மீட்டர் நடந்தால் கல்லுக்கே திரும்ப வேண்டும். முதல் நாள் 20 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். 5 மீட்டருக்குள் வரும் வரை அதையே செய்யுங்கள். பிறகு பக்கம் ஒன்றுக்கு 300 மீட்டராக்கி, உடைமரங்கள் நிறைந்த உடங்காட்டுக்குள் செய்யுங்கள். முள் மறிக்கும்போது வளைந்து போகாமல், வலப்பக்கம் 90 பாகை திரும்பி எண்ணி நடந்து, நேரே போய், இடப்பக்கம் 90 பாகை திரும்பி அதே எண்ணிக்கை நடந்து பழைய கோட்டுக்கு வர வேண்டும். நடுவில் நேரே போன தூரத்தை மொத்தக் கணக்கில் சேர்க்க மறப்பதுதான் எல்லோரும் செய்வது. இதற்கெல்லாம் மேலான பள்ளிக்கூடம் குதிரைமொழித் தேரி: எங்கும் சிவப்பு மணல், எல்லா மேடும் ஒன்றுபோல. ஆனால் அது வனத்துறையின் காப்புக்காடு, கேட்டுவிட்டுப் போங்கள்.

குறி தவறாமல் சேர ஒரு தந்திரம் உண்டு, இது மலையில் மிகவும் உதவும். வயல் பக்கமிருந்து மேற்கே ஒரு கிலோமீட்டர் நடந்து, வடக்கு தெற்காக ஓடும் குளக்கரையில் உள்ள மடையை அடைய வேண்டும் என்று வையுங்கள். நேராக 270 பாகையில் போனால் சிறு பிசகோடு கரையை அடைவீர்கள், மடை இல்லாவிட்டால் அது வலத்திலா இடத்திலா என்று தெரியாது. வேண்டுமென்றே 275இல் போங்கள். மடைக்கு 90 மீட்டரை ஒட்டி வடக்கே கரையேறுவீர்கள் என்பது நிச்சயம், இடப்பக்கம் திரும்பினால் மடை. ஓடை, மலைச்சாலை, மின்கம்பி வரிசை என்று நீளமாகக் கிடக்கும் எதையும் குளக்கரையாகப் பாவிக்கலாம்.

இரண்டு குன்றைப் பார்த்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது பார்க்க அழகான வித்தை. குன்றின் திசைக்கோணத்தை எடுத்து, தகட்டு ஓரத்தைத் தாளில் அந்தக் குன்றைத் தொடும்படி வைத்து, இணைகோடுகள் வடக்குக் கோட்டோடு சேரும் வரை காம்பஸையே சுற்றி, ஓரத்தை ஒட்டிக் கோடு இழுங்கள். இன்னொரு குன்றுக்கும் அப்படியே. கோடுகள் வெட்டும் இடத்தில் நீங்கள். இரண்டு கோடும் 60 முதல் 120 பாகைக்குள் வெட்டினால்தான் நம்பலாம். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. தூசி இல்லாத காலையில் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து பார்த்தால் பொதிகை என்கிற அகத்தியர் மலை உச்சியைவிட அம்சமான குறி கிடைக்காது, 1,868 மீட்டர். ஆனால் அது 25 கிலோமீட்டர் தூரம். 2 பாகை பிசகினால் 870 மீட்டர். முதலில் மறக்கச் சொன்ன காந்த விலக்கம் இங்கே மொத்தமாகக் கழுத்தை நெரிக்கும், காம்பஸ் காட்டிய எண்ணிலிருந்து 2 கழித்த பிறகே தாளில் வையுங்கள். அதைவிட நல்லது, 3 கிலோமீட்டருக்குள் இருக்கும் பொத்தையையோ கோயில் கோபுரத்தையோ பிடிப்பது. பாளையங்கோட்டையில் தேவாலயத்தின் ஊசிக்கோபுரம் இருக்கும்போது பொதிகையைக் கஷ்டப்படுத்த வேண்டாம்.

இனி மலை. களக்காடு முண்டந்துறை 1988இல் அமைந்த புலிகள் காப்பகம், அதைச் சுற்றிய மலையும் காப்புக்காடு. 2018 மார்ச்சில் குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்தன. அனுமதித்த பாதை, வழிகாட்டி, குறித்த நேரம் என்றுதான் போக முடியும். கையில் காம்பஸ் இருக்கிறதென்று பாதையை விட்டு இறங்குவது சட்டப்படி குற்றம், யானைக்கு எதிரே போய் நிற்கவும் வாய்ப்புண்டு. அப்படியென்றால் இவ்வளவு கற்று என்ன பயன்? முன்னால் மலைவாழ் பழங்குடியான காணிக்காரர் ஒருவர் வழிகாட்டிப் போனாலும், தாளில் உங்கள் கட்டைவிரல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதுதான் இந்தக் கலையின் உயிர். வழி தவறிய பிறகு இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம், தவறாமல் கூடவே வருவது எளிது. தாளைத் தரைத் திசைக்குத் திருப்பி மடித்துப் பிடித்து, கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் விரலை வையுங்கள். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்: ‘இன்னும் 400 மீட்டரில் வலப்பக்கமிருந்து ஓடை, அதைத் தாண்டியதும் ஏற்றம், முகட்டில் பாதை தெற்கே திரும்பும்’. சொன்னது வந்தால் விரல் நகரும். வராவிட்டால் அங்கேயே நின்று யோசியுங்கள். தாளில் இல்லாத ஓடை வந்தபோது ‘இது புதிதாக வந்திருக்கும்’ என்று சமாதானம் சொல்பவன்தான் அரை மணியில் வேறு மலையில் இருப்பான். பாதையும் கட்டடமும் மாறும், ஓடையும் முகடும் மாறாது.

நேரத்தையும் எழுதுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி கூட்டு என்பது ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு. குளிர் நாட்டுப் புல்வெளிக்கு அது சரி. நம் வெயிலிலும் சோலைக்காட்டிலும் வரும் விடையை ஒன்றரை மடங்காக்குங்கள், மழைக்காலத்தில் இரண்டு மடங்கு.

ஏறும்போது வழி தவறுவது குறைவு, ஏனென்றால் கிளைமுகடுகள் எல்லாம் ஒரே உச்சியில் போய்ச் சேரும். இறங்கும்போது அவை பிரியும். மேலே நிற்கையில் ஒன்றுக்கொன்று 20 பாகைதான் வித்தியாசமாகத் தெரியும், கீழே போனால் வேறு வேறு ஆற்றில் கொண்டு விடும். தென்மேற்குப் பருவத்தில் மேகம் கேரளப் பக்கமிருந்து முகடு தாண்டிக் கொட்டும், பத்து நிமிடத்தில் கண்ணுக்கு எட்டும் தூரம் இருபது அடியாகிவிடும். ஆகவே உச்சியில் வெயில் இருக்கும்போதே இறங்கும் முகட்டின் கோணத்தை எடுத்து எழுதி வையுங்கள். காம்பஸ் உண்மையில் சோறு போடும் இடம் இது ஒன்றுதான்.

‘வழி தெரியாவிட்டால் ஆற்றோடு இறங்கு, ஊர் வந்துவிடும்’ என்று ஊரில் சொல்வார்கள். சமவெளியில் அது சரி. இந்த மலையின் கிழக்குமுகத்தில் தண்ணீர் படிபடியாக இறங்குவதில்லை, குதிக்கிறது. பாணதீர்த்தமும் குற்றாலமும் அப்படி வந்தவைதானே? ஓடைக்குள் இறங்கினவன் ஒரு பாறை விளிம்பில் போய் நிற்பான், வழுக்கலில் திரும்ப ஏறவும் முடியாது. வழி தவறியது உறைத்ததும் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம், ஏறினோமா இறங்கினோமா என்று மூவரும் தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள். வந்த தடம் தெரிந்தால் அதன் வழியே அந்த இடத்துக்கே திரும்புங்கள். தெரியாவிட்டால் பிரியாமல் ஒரே இடத்தில் இருந்து விசிலை ஊதுங்கள்.

போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, சிக்னல் இல்லாத காட்டிலும் இடம் காட்டும். பழகும்போது போனை விடைத்தாளாக வையுங்கள். தாளில் நீங்கள் நிற்கும் இடம் என்று நினைப்பதைப் பென்சிலால் புள்ளி வைத்த பிறகே மூன்றாமவர் போனைத் திறந்து உண்மை இடத்தைக் குறிக்கட்டும். இரண்டு புள்ளிக்கும் உள்ள பிசகை ஒரே எண்ணாக எழுதாமல் இரண்டாகப் பிரியுங்கள்: நடந்த திசையில் முன்னே பின்னே எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு. முன்னே பின்னே பிசகு காலடிக் கணக்கில் வந்தது, 100 மீட்டர் அளவை மறுபடி எடுங்கள். பக்கவாட்டுப் பிசகு காம்பஸில் வந்தது. காந்த விலக்கத்தால் வரும் கிலோமீட்டருக்கு 35 மீட்டரைக் கழித்த பிறகும் அது எப்போதும் ஒரே பக்கம் வந்தால் கையிலோ இடுப்பிலோ இரும்பு இருக்கிறது, இரண்டு பக்கமும் மாறி மாறி வந்தால் குறிவைத்த பனையை நடுவழியில் மாற்றிவிடுகிறீர்கள்.